கயித்துக்கு இந்தப் பக்கம்

டைகர் உட்ஸை நேர்ல பாத்திருக்கேன்னு சொன்னா நம்ம மக்கள் எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான். "போட்டோ எடுத்தியா?"

எடுத்தேன் மக்களே. பச்சைப் புல்வெளி, நிறைய முதுகுகள், அம்பது அறுபது தொப்பி, தூக்கிப் பிடிச்ச செல்போன் காடு, அதுக்கெல்லாம் நடுவுல தூரமா ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளிதான் டைகர். தங்கமணிகிட்ட காட்டினேன். "இந்தத் தக்காளியைப் பாக்கவா ஞாயித்துக்கிழமை முழுக்க வெயில்ல நின்னீங்க?"ன்னு கேட்டா. நியாயமான கேள்விதான் :-)

முதல்லயே சொல்லிடறேன், நான் கோல்ஃப் ஆடறவன் இல்ல. ஊர்ல கில்லி ஆடினதோட சரி. ஆனா அட்லாண்டா பக்கம் ஆணி புடுங்கறவனுக்கு கோல்ஃப் காதுல விழாம இருக்காது. ஆபீஸ்ல திங்கக்கிழமை காலையில பாதிப் பேர் பேசறது அதுதான். அப்படித்தான் பெரியவர் பழக்கமானார். பேர் வேண்டாம், பெரியவர்னே வச்சுக்கலாம். கறுப்பினத்தவர், ஜார்ஜியாவுலயே பிறந்து வளர்ந்தவர், அப்ப அறுபத்தி நாலு வயசு, ரெண்டு முட்டியும் தகராறு. என்னை "யங் மேன்"னுதான் கூப்பிடுவார். எனக்கு அப்ப நாப்பத்தொண்ணு. எங்கம்மாகூட என்னை அப்படிக் கூப்பிட்டு வருஷக்கணக்காச்சு, அந்த ஒரு காரணத்துக்காகவே அவர் எங்க கூப்பிட்டாலும் போவேன்.

2018 செப்டம்பர்ல அவர் கூப்பிட்ட இடம் ஈஸ்ட் லேக். டூர் சாம்பியன்ஷிப், கடைசி நாள், 23-ஆம் தேதி ஞாயிறு. அவர்கிட்ட ரெண்டு டிக்கெட் இருந்துச்சு. கூட வரவேண்டிய பையனுக்கு ஏதோ வேலை.

கதைக்குப் போறதுக்கு முன்னாடி கோல்ஃபை நேர்ல பாக்கறதுன்னா என்னன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நமக்கெல்லாம் கிரிக்கெட் பழக்கம். 1999 ஜனவரி 31, சேப்பாக்கத்துல நான் இருந்தேன். பாகிஸ்தானோட டெஸ்ட், சச்சின் 136, நாம 12 ரன்ல தோத்தது, அப்புறம் மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்னு பாகிஸ்தான் டீமுக்குக் கைதட்டினது, எல்லாத்தையும் பாத்தேன். எனக்கு ஒரு சீட் இருந்துச்சு. சீட்ல உக்காந்தா நடக்கறது எல்லாம் கண்ணு முன்னாடி நடக்கும். எனக்குத் தெரிஞ்சதுதான் பக்கத்து சீட்டுக்காரனுக்கும் தெரியும்.

கோல்ஃப்ல இந்தக் கதையே கிடையாது. மைதானம் ஏழாயிரம் கெஜத்துக்கு மேல, அதாவது நாலு மைல் சொச்சம். மரம், மேடு, பள்ளம், ஏரி. ஒரே நேரத்துல ஆளுக்கொரு மூலையில ஆடிட்டு இருப்பாங்க. நீங்க எந்த இடத்துல நின்னாலும் ஆட்டத்துல முக்கால்வாசி உங்களுக்குத் தெரியாத இடத்துலதான் நடக்கும். வேற ஏதோ ஒரு குழியில கூட்டம் கத்தறது கேக்கும், யாரு என்ன பண்ணாங்கன்னு தெரியாது. இதுக்குக் காசு கொடுத்து வரணுமான்னு முதல் அரை மணி நேரம் எனக்கும் தோணிச்சு.

அதனால கோல்ஃப் ரசிகன் மொதல்ல ஒரு முடிவு எடுக்கணும். நடக்கறதா, நிக்கறதா? பிடிச்ச ஆளோட கூடவே 18 குழியும் நடக்கலாம். ஆனா டைகர் மாதிரி ஆள்னா உங்களுக்கு முன்னாடி எப்பவும் ஆறு வரிசை ஆளுங்க இருப்பாங்க, முதுகு தரிசனம்தான். இல்லாட்டி ஒரே எடத்துல வசதியா நின்னுக்கலாம். அவர் அந்தப் பக்கம் வர்றப்ப நல்லாப் பாக்கலாம், வந்துபோற அந்த அஞ்சு நிமிஷத்தோட சரி. பெரியவர் மூணாவதா ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். கூட்டத்துக்கு ரெண்டு குழி முன்னாடியே போய் கயித்துப் பக்கத்துல இடம் பிடி, அவர் வந்து அடிச்சதும் நிக்காதே, அடுத்த ரெண்டு குழியைத் தாண்டிப் போயிடு. பந்தை விடு, ஆளைப் பாருன்னார். பந்து எங்க போச்சுன்னு நேர்ல யாருக்குமே தெரியாதாம், எல்லாரும் தெரிஞ்ச மாதிரி தலையைத் திருப்பறாங்க, அவ்ளோதானாம்.

அவர் சொன்னபடியே ஏழெட்டு தடவை தாண்டித் தாண்டிப் போனேன். இனிமே சொல்றது நான் கண்ணாலயும் காதாலயும் அனுபவிச்சது.

மொதல்ல சத்தம். மத்தவங்க அடிக்கறப்ப டிவியில கேக்கற அதே "டிக்". டைகர் இரும்பு மட்டையால அடிச்சப்ப ஏதோ கெட்டியான பொருள் நடுவுல ஒடிஞ்ச மாதிரி ஒரு சத்தம், கூடவே புல்லு பிஞ்சு வர்ற சத்தம். பிரமையாக்கூட இருக்கலாம். ஆனா பக்கத்துல நின்ன ஒருத்தர் கண்ணை மூடிட்டுக் கேட்டுட்டு இருந்தார்ங்க, சத்தியமா.

அப்புறம் அமைதி. அவர் பந்துக்கிட்ட போய் நின்னதும் மார்ஷல்ங்க கையைத் தூக்குவாங்க. ஆயிரக்கணக்கான பேர், அதுல பாதிப் பேர் கையில பியர், அப்படியே கப்சிப். நம்ம ஊர்ல தேசிய கீதத்துக்குக்கூட இவ்ளோ அமைதி வராது. மட்டை பந்துல பட்ட மறு வினாடி எவனாவது ஒருத்தன் "குழிக்குள்ள போ!"ன்னு கத்துவான். குழி நானூறு கெஜம் தள்ளி, மரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும். இருந்தாலும் கத்துவான். ஊருக்கு ஒருத்தன்!

மூணாவது, அவரோட பார்வை. ஒரு குழியிலேர்ந்து அடுத்த குழிக்குப் போற வழியில ரெண்டு பக்கமும் கயிறு, நடுவுல அவர் நடந்து வர்றார். எனக்கும் அவருக்கும் நாலடி இருக்கும். டிவியில தெரியறதைவிட ஒல்லி, கழுத்தெல்லாம் வேர்வை, ஞாயித்துக்கிழமைன்னா போடற அந்தச் சிவப்புச் சட்டை. (சிவப்பு உனக்கு வலுவான நிறம்னு தாய்லாந்துக்கார அம்மா சொன்னதாலதான் கடைசி நாள்ல அதைப் போடறாராம். அம்மா பேச்சைக் கேக்கற புள்ளைங்க எல்லா நாட்டுலயும் உண்டு.) எல்லாரும் பேர் சொல்லிக் கத்தறாங்க, கையை நீட்டறாங்க. மனுஷன் யாரையும் பாக்கல. நேரா முன்னாடி பாக்கறார், ஆனா முன்னாடி இருக்கறதையும் பாக்கல. ஃபில் மிக்கல்சன் இதுக்கு நேர் எதிராம். போற வழியெல்லாம் சிரிச்சு, கட்டை விரலைக் காட்டி, ஆட்டம் முடிஞ்சா நின்னு நிதானமா கையெழுத்துப் போடற ஆளாம். இவர்கிட்ட அதையெல்லாம் யாரும் எதிர்பாக்கறதே இல்ல. என் பக்கத்துல நின்ன ஒரு அம்மணி, "என்னைத்தான் பாத்தார், என்னைத்தான் பாத்தார்"னு அழ ஆரம்பிச்சுட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல.

இவர் அடிச்ச பந்து தப்பிப் போய் ஏதாவது ரசிகர் மேல பட்டுச்சுன்னா, போய் விசாரிச்சு, கையெழுத்துப் போட்ட கையுறை கொடுத்துட்டு வருவார்னு ஒரு பேச்சு உண்டு. அதுக்காகவே அடி வாங்கத் தயார்னு ரெண்டு பசங்க ஜோக் அடிச்சுட்டு இருந்தாங்க. அது ஜோக்கே இல்லைன்னு அடுத்த வாரமே தெரிஞ்சுது. பாரிஸ்ல நடந்த ரைடர் கோப்பையில ப்ரூக்ஸ் கெப்கா அடிச்ச பந்து பட்டு ஒரு பார்வையாளருக்கு ஒரு கண்ணுல பார்வையே போயிடுச்சு. கயித்துக்கு இந்தப் பக்கம் நிக்கறவங்க எதுக்காக நிக்கறோம்னு அன்னிக்கு ராத்திரி கொஞ்சம் யோசிச்சேன்.

சரி, அன்னிக்கு என்ன விசேஷம்? டைகர் கடைசியா ஜெயிச்சது 2013 ஆகஸ்ட்ல. அதுக்கப்புறம் முதுகுல ஒண்ணு மாத்தி ஒண்ணா ஆபரேஷன், 2017 ஏப்ரல்ல நடந்தது நாலாவது, முதுகெலும்பையே சேர்த்து வச்சுக் கட்டினது. அடுத்த மாசம் நடு ராத்திரி ரோட்டோரம் கார்ல போலீஸ் பிடிச்சு, அந்தப் போட்டோ உலகம் பூரா சுத்துச்சு. கதை முடிஞ்சதுன்னு எழுதினவங்கதான் அதிகம். அப்படிப்பட்ட ஆளு மூணு நாள் ஆடி, மூணு ஸ்ட்ரோக் முன்னிலையோட ஞாயித்துக்கிழமைக்கு வந்து நிக்கறார். கூட ஆடறது ரோரி மெக்கல்ராய். ஆரம்பமே முதல் குழியில பர்டி. அப்ப நான் ரெண்டு குழி தள்ளி மரத்தடியில நின்னுட்டு இருந்தேன். பாக்கல, ஆனா கேட்டேன். மரத்துக்குப் பின்னாலேர்ந்து ஒரு சத்தம் கிளம்பி, ஏரி மேல வந்து, எங்க மேல ஏறிப் போச்சு. எங்க கூட்டத்துல இருந்த எல்லாரும், எதையுமே பாக்காம, அப்படியே பதிலுக்குக் கத்தினோம்.

பெரியவர் என்கூட நடக்கல. முட்டி விடாது. காலையிலயே 18-ஆவது கிரீனுக்குப் பக்கத்துல ஒரு மேட்டுல இடம் பிடிச்சு உக்காந்துட்டார். நடு நடுவுல போய் தண்ணி கொடுத்துட்டு, பாத்ததைச் சொல்லிட்டு வருவேன். சஞ்சயன் வேலை. அப்படி ஒரு தடவை போனப்பதான் கேட்டேன், இவ்ளோ வலியோட எதுக்கு வந்து உக்காந்திருக்கீங்க, வீட்ல டிவியில நல்லாத் தெரியுமேன்னு.

அவங்கப்பா கேடியாம். பெரிய மனுஷங்க ஆடற ஒரு கிளப்புல பையைத் தூக்கினவர். எந்தக் காத்து அடிச்சா எந்த மட்டைன்னு ஆடறவங்களுக்கே சொல்லிக் கொடுக்கறது அவர்தான், ஆனா முன் வாசல் வழியா உள்ள போகக் கூடாது. திங்கக்கிழமை கிளப்புக்கு லீவு, அன்னிக்கு மட்டும் கேடிங்க ஆடிக்கலாம். அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தோட விதியிலயே 1961 வரைக்கும் வெள்ளையர்களுக்கு மட்டும்னு எழுதியிருந்துச்சு. அகஸ்டாவுல 1982 வரைக்கும் கிளப் கேடிங்கதான் பையைத் தூக்கணும், அவங்க அத்தனை பேரும் அநேகமா கறுப்பினத்தவங்க. அதே மைதானத்துல மாஸ்டர்ஸ் ஆட வந்த முதல் கறுப்பர் லீ எல்டர், அது 1975-ல. கிளப்புல ஒரு கறுப்பரை உறுப்பினரா சேத்துக்கிட்டது 1990-லதான்.

1996 ஆகஸ்ட்ல டைகர் மூணாவது தடவையா அமெச்சூர் பட்டம் ஜெயிச்சதை பெரியவரோட அப்பா ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே டிவியில பாத்தாராம். பேச்சு வராம விரலை மட்டும் ஆட்டி, மட்டையை இன்னும் கொஞ்சம் கீழ பிடிக்கணும்னு காட்டினாராம். அந்த வருஷக் கடைசியில போயிட்டார். அடுத்த ஏப்ரல், 1997, இருபத்தோரு வயசுப் பையன் அகஸ்டாவுல 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்துல ஜெயிச்சான். அன்னிக்கு அந்த கிளப்புல வேலை பாத்த சமையல்காரங்க, பரிமாறறவங்க எல்லாம் வெளிய வந்து நின்னு பாத்தாங்க. லீ எல்டர் இதை நேர்ல பாத்தே ஆகணும்னு அட்லாண்டாவுல இறங்கி கார்ல பறந்து, வழியில வேகமாப் போனதுக்கு போலீஸ்கிட்ட சீட்டு வாங்கினார். அதைச் சொல்றப்ப பெரியவர் தொடையில தட்டிச் சிரிச்சார். நானா இருந்தாலும் வாங்கியிருப்பேன்னார்.

அதனால ஜார்ஜியாவுக்கு டைகர் வந்தா இவர் போயிடுவாராம். பாக்கறதுக்கு மட்டும் இல்லயாம், "எங்கப்பா சார்பா ஒரு ஆள் அங்க நிக்கணும்." அவ்வளவுதான் சொன்னார். நான் வாயை மூடிட்டு மறுபடி நடக்கப் போயிட்டேன். வேற என்ன சொல்றது?

கடைசி நாலு குழி கொஞ்சம் வயித்தைக் கலக்கிடுச்சு. 15-ஆவது குழி, சுத்தித் தண்ணி, நடுவுல தீவு மாதிரி கிரீன். அங்க ஒரு ஸ்ட்ரோக் விட்டார், 16-லயும் ஒண்ணு. அஞ்சு ஸ்ட்ரோக் வரைக்கும் போன முன்னிலை ரெண்டுல வந்து நிக்குது. முன்னாடி ஆடி முடிச்ச பில்லி ஹோர்ஷல் காத்துட்டு இருக்கார். கூட்டத்துல பேச்சே இல்ல. எனக்கு சேப்பாக்கத்துல சச்சின் அவுட் ஆன அந்த நிமிஷம் ஞாபகம் வந்துச்சு. போச்சுடான்னு நினைச்சேன்.

18-ஆவது குழி. டைகர் அடிச்ச ரெண்டாவது பந்து கிரீன் பக்கத்து பங்கருக்குள்ள போச்சு. அங்கிருந்து அவரு நடக்க ஆரம்பிச்சதும் பின்னாடி இருந்த கயிறு தளர்ந்துச்சு. யாரு மொதல்ல தாண்டினதுன்னு தெரியல. ஒருத்தர், பத்து பேர், அப்புறம் மொத்தக் கூட்டமும் ஃபேர்வேக்குள்ள. மார்ஷல்ங்க கையை விரிச்சு நின்னு பாத்தாங்க, போலீஸும் ஓடிச்சு, ஒண்ணும் நடக்கல. நானும் ஓடினேன்ங்க. தொப்பை குலுங்க, கையில பாதி குடிச்ச எலுமிச்சை ஜூஸோட. அழகர் ஆத்துல இறங்கற அன்னிக்கு மதுரையில நின்னவங்களுக்கு நான் சொல்லாமயே புரியும், காலு நம்மளுது இல்ல, கூட்டத்தோடது. பக்கத்துல ஒரு தாத்தா ஊன்றுகோலைத் தூக்கிப் பிடிச்சுட்டு ஓடறார். ஒரு அப்பா தோள் மேல பொண்ணை வச்சுட்டு ஓடறார். ஒவ்வொருத்தன் கையிலயும் போன். எனக்கு முன்னாடி முதுகு, முதுகுக்கு முன்னாடி முதுகு. தங்கமணி தக்காளின்னு சொன்ன அந்தப் போட்டோ அப்ப எடுத்ததுதான்.

பங்கர்லேர்ந்து அவர் வெளிய அடிச்சதை நான் பாக்கல. கடைசிப் பந்தைத் தட்டி உள்ள போட்டதையும் பாக்கல. சத்தத்தை வச்சுத்தான் தெரிஞ்சுது. எனக்கு முன்னாடி இருந்தவன் திரும்பி என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். அவன் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ரெண்டு கையையும் தூக்கி டைகர் நின்னதை எல்லாரும் டிவியில பாத்தீங்களே, அதை நானும் ராத்திரி வீட்டுக்கு வந்து டிவியிலதான் பாத்தேன். 80-ஆவது வெற்றி. அந்த வருஷத்து ஃபெடெக்ஸ் கோப்பையை வாங்கினது ஜஸ்டின் ரோஸ். அதை அங்க ஒருத்தரும் கண்டுக்கல, பாவம்.

கூட்டம் கலைய ரொம்ப நேரமாச்சு. மேட்டுக்குப் போனா, பெரியவர் உக்காந்த இடத்துலயே உக்காந்திருக்கார். காலையிலேர்ந்து இடம் பிடிச்சு வச்சிருந்த மனுஷன். கடைசி பத்து நிமிஷம் எல்லாரும் எழுந்து முன்னாடி வந்து நின்னதுல அவருக்கும் ஒண்ணும் தெரியலையாம். எழுந்து நிக்க முட்டி விடல. தொப்பியைக் கழட்டி மடியில வச்சிருந்தார். எனக்குத்தான் கோவம் வந்துச்சு, யாராவது ஒருத்தன் கையைக் கொடுத்துத் தூக்கி விட்டிருக்கக் கூடாதா? அவருக்கு அந்த மாதிரி எதுவும் இல்ல. "நீ பாத்தியா?"ன்னார். இல்லைன்னேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரிச்சோம். அப்புறம் அவரைத் தாங்கிப் பிடிச்சு பஸ் நிக்கற இடம் வரைக்கும் கூட்டிட்டு வர முக்கால் மணி நேரம் ஆச்சு. வழி பூரா முன்னப் பின்ன தெரியாத ஆளுங்ககிட்ட, "நாங்க 18-ல இருந்தோம்"னு சொல்லிட்டே வந்தார்.

அடுத்த ஏப்ரல்ல, 2019, டைகர் அகஸ்டாவுலயும் ஜெயிச்சார், 15-ஆவது மேஜர். அதுக்கு டிக்கெட் எல்லாம் கனவுல கூட கிடையாது, ரெண்டு பேரும் அவர் வீட்ல டிவியில பாத்தோம். 2021 பிப்ரவரியில லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் கார் உருண்டு வலது கால் நொறுங்கினப்ப போன் பண்ணி ஒண்ணுமே பேசாம வச்சுட்டார்.

2023-ல மாஸ்டர்ஸ் பயிற்சி நாளுக்கு எனக்குக் குலுக்கல்ல ரெண்டு சீட்டு விழுந்துச்சு. இந்தத் தடவை கூட்டிட்டுப் போனது நான். அகஸ்டா வேற உலகம்ங்க. போன் கொண்டு போகக் கூடாது, வாசல்லயே விட்டுடணும். ஓடக் கூடாது, ஓடினா வந்து சொல்லிடுவாங்க. மடக்கு நாற்காலியை ஒரு இடத்துல போட்டுட்டு ஊரெல்லாம் சுத்திட்டு வரலாம், நாற்காலி அங்கயே இருக்கும். நடுவுல யாராவது உக்காந்திருந்தா நீங்க வந்ததும் எழுந்துடுவாங்க. நம்ம ஊர் பஸ்ல துண்டு போடற அதே சட்டம்தான், என்ன, இங்க சண்டை இல்ல! பிமெண்டோ சீஸ் சாண்ட்விச் ஒண்ணரை டாலர். ருசி எனக்குப் பிடிபடல. பெரியவர் மூணு சாப்பிட்டார்.

போன் இல்லாததால எல்லாரும் கையைக் கட்டிட்டு வெறுமனே பாத்துட்டு இருந்தாங்க. கயித்துப் பக்கத்துல ரெண்டாவது வரிசையில இடம் கிடைச்சுது. டைகர் மேட்டுலேர்ந்து இறங்கி வந்தார். அகஸ்டா எவ்ளோ மேடு பள்ளம்னு டிவியில தெரியவே தெரியாது, செங்குத்து. அடிக்கறதுல ஒரு குறையும் இல்ல, அதே சத்தம். ஆனா நடை போயிடுச்சு. மட்டையை ஊணி, வலது காலை ஒரு தடவை யோசிச்சு வச்சு, ஒவ்வொரு அடியா இறங்கறார். யாரும் கத்தல. கைதட்டினாங்க, மெதுவா, அவர் கடந்து போற வரைக்கும்.

பெரியவர் அதுக்குள்ள ரெண்டு முட்டியும் மாத்தியிருந்தார். தொப்பியைக் கழட்டி நின்னு பாத்துட்டு, என் பக்கம் குனிஞ்சு, "யங் மேன், அவனைவிட இப்ப நான் நல்லா நடக்கறேன்"னார். அடுத்த குழிக்கு என்னை விட்டுட்டு முன்னாடி போயிட்டார்.